கரையிலேயே நிற்கும் கேடட்டுகள்

ஒவ்வொரு டெக் கேடட்டின் கையிலும் ஒரு பயிற்சிப் பதிவேடு இருக்கும். நங்கூரம் இறக்கும்போது முன்தளத்தில் நின்றது, இரவு வாட்ச்சில் ரேடார் பார்த்தது, உயிர்காப்புப் படகை இறக்கிப் பழகியது என வேலை ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு கட்டம் உண்டு. வேலையைச் செய்து காட்டினால் கப்பலின் அதிகாரி தேதி போட்டுக் கையெழுத்திடுவார். கட்டங்கள் நிரம்பினால்தான் அந்தப் பிள்ளை அதிகாரி ஆவதற்கான தேர்வுக்கு உட்கார முடியும். படிப்பை முடித்துவிட்டுக் கப்பல் கிடைக்காமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, புகைப்படம் இருக்கிறது. கையெழுத்து ஒன்றுகூட இல்லை.

புணேயில் படித்த பிள்ளைகளிலும் இப்படிக் காத்திருப்பவர்கள் உண்டு. கடலைப் பார்க்க வேண்டுமானால் மலையிறங்கிக் கொங்கணக் கரைக்குப் போக வேண்டிய ஊர் அது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரம். ஆனாலும் கப்பல் படிப்பில் அதற்குப் பெரிய இடம் உண்டு. தளேகாவுன் பக்கத்தில் இந்திராயணி ஆற்றங்கரைக் கிராமமான இந்தூரியில் தோலானி கடல்சார் கல்வி நிறுவனம் இருக்கிறது. சோலாப்பூர் சாலையில் லோணி காள்போரில் ‘மானெட்’ கடல்சார் கல்லூரி இருக்கிறது. லோணாவளாவில் கடற்படைப் பொறியாளர்களை உருவாக்கும் ஐ.என்.எஸ். சிவாஜி, கடக்வாஸ்லா ஏரிக்கரையில் முப்படைக்கும் அதிகாரிகளைத் தயார் செய்யும் தேசியப் பாதுகாப்பு அகாதெமி. 1916-ல் தொடங்கிய மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையமும் கடக்வாஸ்லாவில்தான். துறைமுகங்களைச் சிறு மாதிரிகளாகக் கட்டி, அலையையும் ஓதத்தையும் அதில் ஓடவிட்டுச் சோதிக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்தும் பிள்ளைகள் அங்கே போய்ப் படிக்கிறார்கள். கல்விக் கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் அனுப்புகிற வீடுகள் இருக்கின்றன. வெள்ளைச் சீருடையில் மகனையோ மகளையோ பார்த்த மகிழ்ச்சியில், படிப்பு முடிந்ததும் கப்பல் வந்துவிடும் என்று அந்த வீடுகள் நம்புகின்றன.

விதி கண்டிப்பானது. ஓராண்டு நாட்டிகல் டிப்ளமா முடித்தவர் 18 மாதமும், மூன்றாண்டு பி.எஸ்சி. நாட்டிகல் சயின்ஸ் முடித்தவர் 12 மாதமும், நான்காண்டு மரைன் பொறியியல் முடித்தவர் 6 மாதமும் கடலில் பயிற்சி பெற வேண்டும். அது இல்லாமல் சான்றிதழ் வெறும் காகிதம். இந்த விதி சரியானதே. கடல் தெரியாதவரிடம் கப்பலை ஒப்படைக்க முடியாது. ஆனால் பயிற்சி கட்டாயம் என்று சொல்லும் அரசு, படித்த எல்லாருக்கும் பயிற்சி இடம் கிடைப்பதற்கு யார் பொறுப்பு என்பதைச் சொல்லவில்லை. மருத்துவக் கல்லூரி தொடங்க வேண்டுமானால் மருத்துவமனை காட்ட வேண்டும். இத்தனை இடங்களுக்கு இத்தனை படுக்கை என்று கணக்கு உண்டு. கடல்சார் கல்லூரிக்கு வகுப்பறையும் பட்டறையும் சிமுலேட்டரும் காட்டினால் போதும். கப்பலைக் காட்ட வேண்டியதில்லை. பெரிய கப்பல் கம்பெனியின் ஸ்பான்சர்ஷிப்போடு சேர்ந்தவர்களுக்குக் கவலை இல்லை. அது இல்லாமல் சேர்ந்தவர்கள் கம்பெனி கம்பெனியாக மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டு மாதங்களைக் கழிக்கிறார்கள்.

இந்தக் காத்திருப்பில்தான் ஏஜென்ட் வீடு தேடி வருகிறார். ‘ஜாயினிங் உறுதி, நாலு லட்சம் ஆகும்’ என்கிறார். மாலுமியிடம் வேலைக்காகப் பணம் வாங்கக் கூடாது என்று 2016-ன் ஆள்சேர்ப்பு விதிகளும், இந்தியா 2015-ல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையும் சொல்கின்றன. ஆர்.பி.எஸ்.எல். எனும் மாலுமி ஆள்சேர்ப்பு உரிமம் இல்லாதவர் கப்பலுக்கு ஆளே அனுப்பக் கூடாது. எல்லாம் காத்திருக்கும் பிள்ளையின் அப்பாவுக்கும் தெரியும். தெரிந்துதான் பணம் கொடுக்கிறார், ஏனென்றால் மகனுக்கு வயது ஏறுகிறது, வங்கியில் வட்டி ஏறுகிறது.

பணம் கொடுத்துக் கிடைக்கும் கப்பல் எப்படிப்பட்டது? சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் கணக்குப்படி 2024-ல் உலகெங்கும் 312 கப்பல்கள் கைவிடப்பட்டன. அவற்றில் சிக்கியவர்கள் 3,133 மாலுமிகள். அதிகம் பாதிக்கப்பட்ட நாட்டவர் இந்தியர்களே: 899 பேர். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தாலோ, ஊர் திரும்பும் செலவை ஏற்க மறுத்தாலோ, உணவும் எரிபொருளும் இல்லாமல் விட்டாலோ கைவிட்டதாகப் பொருள். டீசல் தீர்ந்தால் ஜெனரேட்டர் நிற்கும். குளிர்சாதனம் நின்றதும் இரும்பு அறைகள் அடுப்பாகும். பாயை எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்கு வந்து படுப்பார்கள். குடிநீரைப் பாட்டில் கணக்கில் பங்கிடுவார்கள். கரை கண்ணுக்குத் தெரியும், ஆனால் இறங்க முடியாது. குறைந்தபட்ச ஆட்கள் இல்லாமல் கப்பலை விட்டுப் போகத் துறைமுகம் அனுமதிக்காது. முதல் கப்பலிலேயே ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை இதில் மாட்டிக்கொண்டால் அவன் கடலுக்கு மறுபடி போவானா?

பயிற்சிக்குக் கப்பல் இல்லாத குறையை அந்நிய ஆட்சியே ஒரு காலத்தில் புரிந்துகொண்டிருந்தது. இந்தியர்கள் கப்பலில் லஸ்கர்கள் எனும் கீழ்நிலை மாலுமிகளாக மட்டுமே உழைத்த காலம் அது. அதிகாரி வேலை வெள்ளையருடையது. நம் தலைவர்கள் விடாமல் கேட்டதன் பேரில் 1927-ல் மும்பையில் ‘டஃபரின்’ பயிற்சிக் கப்பல் தொடங்கியது. அரசு ஒரு கட்டடத்தைக் கொடுக்கவில்லை, கப்பலையே கொடுத்தது. 1972-ல் அந்த இடத்தை ‘ராஜேந்திரா’ எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு படிப்பு கரையேறிவிட்டது. வளாகங்கள் பெருகின, அனுமதிகள் பெருகின. மிதக்கும் இடம் மட்டும் பெருகவில்லை.

நம் கடல் பலம் குறைந்ததிலும் அதை மீட்கும் முயற்சியிலும் புணேக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1756 பிப்ரவரியில், புணேயிலிருந்து ஆண்ட பேஷ்வா நானாசாஹேப், மராட்டியக் கடற்படைத் தலைவர் துளாஜி ஆங்ரேயை அடக்க ஆங்கிலேயரோடு கைகோத்தார். ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி வாட்சனின் கப்பல்கள் ஆங்ரேயின் விஜயதுர்க் கோட்டையைத் தாக்கின. துறைமுகத்தில் நின்ற ஆங்ரேயின் கப்பல்கள் எரிந்து சாம்பலாயின. கான்ஹோஜி ஆங்ரே காலத்திலிருந்து வளர்ந்த மாலுமிக் கூட்டத்தின் முதுகெலும்பு அன்று முறிந்தது. அதே வாட்சனும் அவரோடு வந்த கிளைவும் அடுத்த ஆண்டு வங்காளத்தில் நின்றார்கள். ஆறு பத்தாண்டு கழித்து, 1817 நவம்பரில், பேஷ்வாவின் அரண்மனையான சனிவார் வாடாவிலேயே ஆங்கிலேயர் கொடி ஏறியது. பிறகு இன்னொரு தலைமுறை அதே ஊரிலிருந்து கடலை வேறு கண்ணால் பார்த்தது. புணேயிலிருந்து எழுதிய திலகரைக் குருவாகக் கொண்ட வ.உ.சி., 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தன. 1908-ன் ஒரே ஜூலை மாதத்தில் இருவருக்கும் தண்டனை வந்தது: வ.உ.சி.க்கு ஆயுள் தண்டனை, திலகருக்கு ஆறாண்டு நாடுகடத்தல். புணே மாவட்டத்து வால்சந்த்நகருக்குப் பெயர் தந்த வால்சந்த் ஹிராசந்த், 1919-ல் சிந்தியா கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்தக் கம்பெனியின் ‘லாயல்டி’ கப்பல் மும்பையிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட ஏப்ரல் 5-ஐத்தான் இன்றும் தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம்.

இன்று நம் சரக்கில் எவ்வளவு நம் கப்பலில் போகிறது? 2025 செப்டம்பரில் பவநகரில் பிரதமரே சொன்னார்: ஐம்பது ஆண்டுக்கு முன் 40 சதவீதமாக இருந்தது 5 சதவீதமாகிவிட்டது, ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் கோடி ரூபாய் அந்நியக் கம்பெனிகளுக்குக் கட்டணமாகப் போகிறது. அதே மாதம் கப்பல் கட்டும் துறைக்கு 69,725 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 1958-ன் வணிகக் கப்பல் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் வந்துவிட்டது. வரவேற்கிறோம். ஆனால் இந்தத் திட்டத்தில் கட்டப்படும் கப்பல் கடலுக்கு வரப் பல ஆண்டு ஆகும். பதிவேட்டோடு காத்திருக்கும் பிள்ளைக்கு அவ்வளவு காலம் இல்லை.

உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 6 லட்சம் கோடி கொடுக்கிறவர் ஒரு நிபந்தனை வைக்க முடியாதா? டன் அளவு வரிச் சலுகை பெறும் இந்தியக் கம்பெனிகள் பயிற்சியாளர்களை ஏற்க வேண்டும் என்று 2004-லேயே சட்டம் எழுதினோம். அந்தக் கடமை அந்நியக் கொடிக் கப்பல்களைத் தொடுவதில்லை. நம் சரக்கையும் நம் பணத்தையும் அதிகம் வாங்கிச் செல்பவை அவைதாம். பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் வாடகைக்கு எடுக்கும் கப்பல் எதுவானாலும், காலவாடகை ஒப்பந்தத்தில் இரண்டு இந்தியக் கேடட்டுகளை ஏற்றும் நிபந்தனை இருக்க வேண்டும்.

கப்பல் முதலாளிகள் மறுப்புச் சொல்வார்கள். கூடுதல் அறை இல்லை, உயிர்காப்புப் படகில் இடம் இல்லை என்பார்கள். சில பழைய கப்பல்களில் அது உண்மை. பாதுகாப்புச் சான்றில் எழுதிய ஆள் எண்ணிக்கையை மீறக் கூடாது. அப்படிப்பட்ட கப்பலுக்கு விலக்கு கொடுக்கலாம். நாளை மானியம் பெற்று இங்கே கட்டப்படும் கப்பலுக்கு அந்தச் சாக்கு கிடையாது. வரைபடத்திலேயே கேடட் அறை இருந்தால்தான் பணம் என்று எழுதிவிடலாம்.

கல்லூரிகளுக்கும் ஒரு கடிவாளம் தேவை. கடந்த மூன்றாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் கப்பல் ஏறினார்கள் என்ற இரண்டு எண்களையும் விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். கட்டணம் கட்டும் முன் தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு அது கையில் கிடைக்க வேண்டும். எத்தனை பேரைக் கப்பல் ஏற்ற முடியவில்லையோ அத்தனை இடங்களை அடுத்த ஆண்டு குறைக்க வேண்டும். நல்ல கல்லூரிகள் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமும் பெட்ரோலிய அமைச்சகமும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் முடிகிற வேலை இது. பாரதீப்பிலும் வாடினாரிலும் கச்சா எண்ணெய் இறக்கும் கப்பல்களுக்கான அடுத்த ஒப்பந்தத்திலேயே அந்த நிபந்தனை ஏறட்டும்.