திக்தேயும் லின்ட்டும்

பிரெஞ்சுப் பள்ளியில் 'திக்தே' எழுதும்போது எழுத்தின் தலைமேல் ஒரு சிறு கோடு விட்டுப்போனாலும் முசே மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். மென்பொருள் எழுதும் என் பேரனும் போன வாரம் அப்படித்தான் புலம்பினான்: "தாத்தா, எழுதினதையெல்லாம் ஒண்ணா சேர்க்கிற பில்டுல புதுசா லின்ட் போட்டிருக்காங்க. சின்னத் தப்புக்கெல்லாம் நிறுத்திடுது."

லின்ட் ஒன்றும் புதிதல்ல. 1978-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் எழுதியது. துணியில் ஒட்டும் பஞ்சுத்தூசியின் பெயர். நிரலை ஓட்டாமல், படித்துப் பார்த்தே பிழை சொல்லும்.

நிறுத்தட்டும் என்பதே என் கட்சி. 2014-இல் ஆப்பிள் நிரலொன்றில் ஒரே வரி இரண்டு தடவை விழுந்திருந்தது தெரியவந்தது. இணையதளம் அசல்தானா என்று பார்க்கும் கடைசிச் சோதனை நடக்காமலே 'சரி' என்று பதில் போயிருக்கிறது! கீழேயுள்ள வரிகள் ஒருநாளும் ஓடாது என்று சொல்ல இப்படி ஒரு கருவி போதும். வெறும் எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? எங்கள் அலுவலகத்தில் 'அவசரம்' சீட்டு ஒட்டாத கோப்பே கிடையாது.

ஆனால் பழைய நிரல் முழுவதையும் முதல் நாளே சோதித்தால் ஆயிரம் பிழை கொட்டும். பிள்ளைகள் கருவியையே அணைத்துவிடுவார்கள். இன்று தொட்ட வரிகளை மட்டும் முதலில் பார்க்கட்டும். இடைவெளி, காற்புள்ளித் தகராறைக் கருவியே திருத்திக்கொள்ளட்டும். அதில் மட்டும் நான் பேரன் கட்சி.