இரு உயிருக்கு உண்பதா, இருவர் உணவை உண்பதா?



நம் இல்லங்களில் ஒரு பெண் கருவுற்ற செய்தி வந்ததும் முதலில் மாறுவது அவளுடைய தட்டின் அளவுதான். "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்மா" என்று சொல்லி மாமியார் நெய்ச்சோற்றை மறுபடியும் வைப்பார். வேண்டாம் என்றால் அன்பை மறுத்ததாகிவிடும். அன்புதான், மறுக்கவில்லை; ஆயினும் இவ்வழக்கத்தை நான் கண்டிக்கிறேன்.

வயிற்றில் இருப்பது வளர்ந்த ஆள் அன்று. முதல் மூன்று மாதங்களில் கூடுதல் உணவு பெரிதாகத் தேவைப்படுவதில்லை. அதன் பின்னர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 350 கலோரி கூடினால் போதும். ஒரு குவளை பால், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி சுண்டல், அவ்வளவே! கருத்தரிக்கும் முன் இயல்பான எடையில் இருந்தவர் பேறுகாலம் வரை 11.5 முதல் 16 கிலோ வரை கூடலாம் என்பது 2009இல் அமெரிக்க மருத்துவ நிபுணர்கள் வகுத்த அளவு. மெலிந்தவருக்கு 12.5 முதல் 18. எடை மிகுந்தவருக்கு 7 முதல் 11.5, மிகப் பருத்தவருக்கு 5 முதல் 9 மட்டுமே. ஆகவே எல்லா மருமகள்களுக்கும் ஒரே அகப்பை பொருந்தாது.

எங்கள் குடும்பத்திலேயே ஒரு பெண் ஏழாம் மாத விருந்துக்குள் 19 கிலோ கூடியிருந்தாள். "முகம் பொலிவாக இருக்கிறது" என்று வந்தவர்கள் அனைவரும் மகிழ்ந்தோம். எடையை வெளியே சொன்னால் கண்ணேறு படும் என்று மருத்துவரிடமும் மறைத்தோம். பரிசோதனைக்குப் போனபோது சர்க்கரை ஏறியிருந்தது. கண்ணேறு உண்மை, அதற்கு துஆ இருக்கிறது. தராசை மறைப்பது அதற்கான மருந்தன்று.

இதற்கு நேர்மாறான அறியாமையும் நம்மிடையே உண்டு: குழந்தை பெருத்தால் பிரசவம் கடினமாகும் என்று கடைசி மாதங்களில் மெலிந்த பெண்ணின் சோற்றைக் குறைப்பது. எடை குறைந்து பிறக்கும் பிள்ளைக்கு யார் பொறுப்பேற்பது?

வயிற்றில் மூன்றிலொரு பங்கை மூச்சுக்கு விடுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தது கர்ப்பிணிக்கு மட்டும் பொருந்தாதா? மர்யம் (அலை) அவர்களுக்குப் பிரசவ வேதனையில் அல்லாஹ் பேரீச்சங்கனி அளித்ததைச் சொல்லிச் சொல்லியே, சர்க்கரை உள்ளவளின் கையில் தட்டு நிறையக் கொடுக்கிறோம். தனக்கோ சிசுவுக்கோ தீங்கு நேரும் என அஞ்சும் கர்ப்பிணிக்கு மார்க்கம் நோன்பில் சலுகை தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் முகம் சுளிக்கும் அதே வீடுதான், நோன்பு வைத்தவளுக்கு இஃப்தாரில் சமோசாவை அடுக்குகிறது!

கணவர்மார்களே, அடுத்த பரிசோதனைக்கு நீங்களும் உடன் செல்லுங்கள். அட்டையில் எடை எழுதியிருக்கும் கட்டத்தைப் படியுங்கள். குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவு 140ஐத் தொட்டதா என்று கேளுங்கள். வீடு திரும்பி உம்மாவிடம் அதைச் சொல்ல வேண்டியவரும் நீங்களே; மருமகளால் அதைச் சொல்ல முடியாது.