ஒரகடத்தில் ஓர் இரவு தங்க முடியுமா?

ஒரகடம் பக்கத்திலுள்ள வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட் 17 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் ஒரு பெண்கள் விடுதியைத் திறந்துவைத்தார். 13 கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் 240 அறைகள், அறைக்கு 6 பேர். கூட்டிப் பார்த்தால் 18,720 படுக்கைகள். தமிழக அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் 706.5 கோடி ரூபாய் செலவில் இதைக் கட்டியது. தங்கப்போவது ஃபாக்ஸ்கானில் வேலை பார்க்கும் பெண்கள் என்பதால், அந்நிறுவனத்தின் தலைவர் யங் லியூவும் விழாவுக்கு வந்திருந்தார்.

நல்ல காரியம்தான். ஆனால், இந்த 18,720 பேருக்கும் அம்மா, அப்பா இருக்கிறார்கள். தென் மாவட்டங்களிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் மகளைப் பார்க்க அவர்கள் வந்தால், அன்றிரவு எங்கே தங்குவது? விடுதி அறைக்குள் வெளியாட்களைத் தங்கவிட மாட்டார்கள். பெண்கள் விடுதி என்றால் அதுதான் முறையும்கூட. மகளுக்கு இரவு ஷிஃப்ட் என்றால், அவள் காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்வரை பெற்றவர்கள் எங்கேயாவது காத்திருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரத்தைத் திட்டமிட்டவர்களின் வரைபடத்தில் இந்த ‘எங்கேயாவது’ இல்லை.

சென்னைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. எழும்பூர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால், எதிரில் காந்தி இர்வின் சாலை. கூப்பிடு தூரத்தில் கென்னட் லேன். வரிசையாக லாட்ஜுகள். குழந்தைகள் மருத்துவமனை, கண் மருத்துவமனை, மகப்பேறு மருத்துவமனை எல்லாம் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கின்றன. சென்ட்ரலில் இறங்குபவருக்கு வால்டாக்ஸ் சாலை. ரோட்டைத் தாண்டினால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. வேலை தேடி வந்த பிள்ளைகளுக்குத் திருவல்லிக்கேணி மேன்சன்கள். அறை சின்னது, சுவரில் ஈரம், கட்டிலடியில் கொசு, எல்லாம் உண்டு. ஆனாலும் ஆட்கள் அங்கேயே போகிறார்கள். போன வேலையை நடந்தே முடித்துவிட்டு அன்றைக்கே ஊர் திரும்பலாம் என்பதுதான் காரணம்.

இந்த ஏற்பாடு தானாக முளைத்ததில்லை. சென்ட்ரல் ஸ்டேஷன் 1873இல் வந்தது. அதற்கு எதிரிலேயே, அந்த நூற்றாண்டு முடிவதற்குள், சவலை ராமசாமி முதலியார் தன் பணத்தில் ஒரு சத்திரம் கட்டினார். ரயிலிலிருந்து இறங்குபவர் மூட்டையைச் சுமந்துகொண்டு அலையக் கூடாது என்பதைப் புரிந்துகொண்டு இடம் பார்த்திருக்கிறார். அதற்கும் முன்னால், தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் பெயரில் எழுப்பிய சத்திரம், ராமேஸ்வரம் போகும் யாத்திரிகர்களின் பாதையில் நிற்கிறது. சத்திரம் கட்டியவர்கள் முதலில் கேட்ட கேள்வி, ஆட்கள் எந்த வழியாகப் போய் எங்கே இறங்குகிறார்கள் என்பது. கட்டடம் அப்புறம்.

அதே கேள்வியை 20ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் வியாபாரமாகக் கேட்டார்கள். 1979இல் ஒசாகாவின் உமேடா பகுதியில் முதல் கேப்ஸ்யூல் ஹோட்டலைத் திறந்தபோது, அதை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா. கடைசி ரயிலைத் தவறவிட்ட அலுவலகக்காரருக்கு ஆள் படுக்கும் அளவில் ஓர் இடம், அவ்வளவுதான். 1986இல் டோக்கியோவின் கமாட்டாவில் தொடங்கிய டோயோகோ இன், ரயில் நிலைய வாசலில் சின்ன அறைகள் என்ற ஒரே கொள்கையை வைத்துக்கொண்டு நாடு முழுக்கப் பரவியது. நீச்சல் குளம் கிடையாது, புல்வெளி கிடையாது. ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிறது, படுக்கை சுத்தமாக இருக்கிறது என்பதற்காகவே ஆட்கள் காசு கொடுக்கிறார்கள்.

ஒரகடத்தின் சிக்கல் இங்கேதான். இந்த வட்டாரத்துக்கு வாசல் கிடையாது. ஸ்ரீபெரும்புதூரில் ரயில் நிலையம் இல்லை, ஒரகடத்திலும் இல்லை. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ரயில் பாதை போடும் திட்டம் பல வருடங்களாகப் பேச்சில் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் 1998இல் ஓடத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூருக்கு 2006இல் நோக்கியாவும் அடுத்த வருடம் சாம்சங்கும் வந்தன. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிஸான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு. கால் நூற்றாண்டில் இத்தனை தொழிற்சாலைகளைக் கொண்டுவந்த ஏற்பாடு, அவற்றுக்கு நடுவே ஓர் ஊரைக் கொண்டுவரவில்லை. ஸ்ரீபெரும்புதூர் – சிங்கப்பெருமாள்கோவில் சாலையும் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஒரகடம் சந்திப்பைத்தான் மையம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே கன்டெய்னர் லாரிகளுக்கு இருக்கும் இடம், பையுடன் இறங்கி நிற்கும் ஆளுக்கு இல்லை.

அப்படியானால் இந்தப் பக்கம் ஹோட்டலே இல்லையா? தாராளமாக இருக்கிறது. கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை மாட்டிய உணவகங்களும் கெஸ்ட் ஹவுஸ்களும் ஸ்ரீபெரும்புதூருக்குப் பழகிப்போய் வெகுநாளாகிறது. வெளிநாட்டுப் பொறியாளர்களுக்கு சர்வீஸ் அபார்ட்மென்ட்கள் உண்டு. இவற்றின் வாடகை, பில்லைக் கம்பெனி கட்டும் என்ற கணக்கில் போடப்பட்டது. இதிலும் திருப்தி இல்லாத அதிகாரிகள் சென்னைக்குள் நட்சத்திர ஹோட்டலில் தங்கி, காரில் தினமும் 40 கிலோமீட்டருக்கு மேல் போய் வருகிறார்கள். அவர்கள் தங்கும் இடம் நகரத்தின் நடுவில் இருக்கிறது. வேலைக்கு அது ஓரத்தில் இருக்கிறது. அந்தப் பயண நேரத்துக்கு யாராவது சம்பளம் கொடுத்துவிடுகிறார்கள் என்பதால் பிரச்சினை வெளியே தெரிவதில்லை.

மகளைப் பார்க்க வரும் அம்மாவுக்கோ, நேர்முகத் தேர்வுக்கு வரும் ஐடிஐ பையனுக்கோ, இயந்திரம் பழுதுபார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து அனுப்பப்படும் சிறு பட்டறை டெக்னீஷியனுக்கோ அப்படி யாரும் கொடுப்பதில்லை. இரவு பஸ் பிடித்தால் அவர்கள் இறங்குவது கிளாம்பாக்கத்தில். 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட அந்த 88 ஏக்கர் பேருந்து முனையம் சென்னைவாசிகளிடம் வாங்காத திட்டில்லை. ஒரகடத்துக்குப் போகிறவர்களுக்கு மட்டும் அது ஒருவகையில் வரம்: பக்கத்திலுள்ள வண்டலூரில் பிரியும் வாலாஜாபாத் சாலை நேராகக் கொண்டுபோய் விட்டுவிடும். விடியற்காலையில் ஒரகடத்தில் இறங்கியாயிற்று. குளித்து, துணி மாற்றி, ஒன்பது மணிக்குக் கம்பெனி வாசலில் நிற்க வேண்டும். அதற்கு எங்கே போவது?

பழைய லாட்ஜுக்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். ‘24 மணி நேரம்’ என்று போர்டு வைத்தார்கள். காலை ஐந்து மணிக்கு அறை எடுத்தால் மறுநாள் காலை ஐந்து மணி வரை அது உங்களுடையது. ரயில்வே ஓய்வறைகளிலும் அரைநாள் கணக்கு உண்டு. புது ஹோட்டல்களில் பிற்பகலில்தான் சாவி கொடுப்பார்கள். மறுநாள் முற்பகலில் வாங்கிக்கொள்வார்கள். விடியலில் வந்து இரவில் திரும்பும் நம் ஊர்ப் பயணிக்கு இந்தக் கணக்கில் இரண்டு நாள் வாடகை விழும். ஆன்லைனில் புக் செய்யும்போது படத்தையும் நட்சத்திரத்தையும் பார்ப்பவர்கள் இந்த நேரக் கணக்கைப் பார்ப்பதில்லை. கவுன்ட்டரில் போய் நின்று வாக்குவாதம் செய்கிறார்கள். தனியாக வரும் பெண் என்றால் அந்த வாக்குவாதம் வேறு திசைக்கும் போகும். ‘கூட யாரும் வரலையா?’ என்ற கேள்விக்குப் பிறகு அறை காலியில்லாமல் போய்விடும்.

வரியும் இந்த ஒருநாள் பயணிக்கு எதிராகவே நடந்திருக்கிறது. நாளுக்கு 1,000 ரூபாய் வரை வாடகையுள்ள அறைகளுக்கு 2022 ஜூலை 17 வரை ஜிஎஸ்டி கிடையாது. மறுநாள் முதல் 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22இல்தான் அது 5 சதவீதமாக இறங்கியது. அதுவும் 7,500 ரூபாய் அறைக்கும் 700 ரூபாய் அறைக்கும் ஒரே விகிதம். இன்னொரு பக்கம், மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாத விடுதிகளில் தொடர்ந்து 90 நாட்களாவது தங்கினால் வரி இல்லை என்று 2024இல் விலக்கு கொடுத்தார்கள். மகள் மாதக்கணக்கில் தங்குவதற்கு வரி இல்லை. அவளைப் பார்க்க வந்த அம்மா ஒரு ராத்திரி தங்கினால் வரி உண்டு. சட்டம் எழுதியவர்களுக்கு உள்நோக்கம் எதுவும் இருந்திருக்காது. அந்த அம்மா அவர்கள் கண்ணில் படவில்லை.

அந்த அம்மா அரசின் கண்ணில் பட்டிருக்க வேண்டிய தருணம் ஒன்று வந்தது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி பகுதியில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி கிளம்பியது. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். சிகிச்சையில் இருந்தவர்கள் உயிரோடு நலமாக இருக்கிறார்கள் என்று வீடியோ அழைப்பில் காட்ட வேண்டிய நிலை அதிகாரிகளுக்கு வந்தது. பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இந்தச் செய்தியைக் கேட்ட பெற்றோரின் மனநிலையைச் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகுதான் தங்குமிடத்தின் தரம் பற்றிய பேச்சு சூடுபிடித்தது. தொழிலாளர் விடுதிகள் மேம்பட வேண்டும் என்றார்கள். வல்லம் வடகால் விடுதி அந்த வழியில் ஒரு பெரிய அடி. பிள்ளையை நேரில் பார்த்தால்தான் நம்புவேன் என்று பதறி ஓடிவரும் பெற்றோருக்கு இடம் வேண்டும் என்பது மட்டும் அந்தப் பேச்சில் சேரவில்லை.

தேவை இருந்தால் தனியார் கட்டிவிடுவார்கள், அரசுக்கு ஏன் லாட்ஜ் வியாபாரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், தொழிற்பேட்டை நிலத்தின் விலை இன்று எந்த உயரத்தில் இருக்கிறது என்பது அந்தப் பக்கம் ஒரு முறை விசாரித்தவருக்கே தெரியும். அந்த நிலத்தில் 500 ரூபாய்க்கு அறை கொடுத்து யாரும் வட்டி கட்ட முடியாது. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்ததைப் பார்த்த ஊர் இது. கம்பெனியை நம்பிப் பணம் போடுகிறவர், போட்ட காசைச் சீக்கிரம் எடுக்கவே பார்ப்பார். ஆகவே 3,000 ரூபாய் அறைதான் கட்டுவார். நிலம் வைத்திருப்பது சிப்காட். நிலத்தைக் குறைந்த குத்தகைக்குக் கொடுத்து, வாடகைக்கு உச்சவரம்பு வைத்து, நடத்தும் பொறுப்பை வெளியே விடலாம்.

பணத்துக்கும் வழி இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவின்படி பெரிய நிறுவனங்கள் மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே பெண்களுக்கான இல்லங்களும் விடுதிகளும் இடம்பெற்றிருக்கின்றன. மரக்கன்று நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் செலவில் ஒரு பகுதியை இதற்குத் திருப்பினால் தொழிலாளர்களே முதலில் நன்றி சொல்வார்கள்.

இதே வட்டாரத்திலுள்ள வல்லக்கோட்டைக்கு இப்படியொரு தங்குமிடம் தனிப் பொருத்தம். அருணகிரிநாதர் பாடிய தலம். ஏழடி உயர முருகனைப் பார்க்க செவ்வாய்க்கிழமையும் கிருத்திகையும் கூட்டம் அலைமோதும். 2025 ஜூலையில் குடமுழுக்கும் நடந்தது. இரவு ஷிஃப்ட் முடித்த கையோடு வந்து கும்பிட்டுவிட்டுப் போகும் சீருடைக்காரர்களை இங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். பழனியில் தேவஸ்தானம் தண்டபாணி நிலையத்தை நடத்துவதுபோல், இங்கேயும் அறநிலையத் துறை பக்தர் விடுதியைத் தாராளமான அளவில் நடத்தலாம். கோயில் வளாகத்தில் அறக்கட்டளை நடத்தும் 1,000 ரூபாய்க்குக் குறைவான அறைகளுக்கு ஜிஎஸ்டி விலக்கு இன்றும் இருக்கிறது. பக்தரும் அங்கே தங்குவார், மகளைப் பார்க்க வந்தவரும் தங்குவார். இருவரும் ஒரே ஆளாகவே இருப்பதுதான் பெரும்பாலும் நடக்கும்.

பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பரந்தூருக்கு மெட்ரோ, பரந்தூரில் விமான நிலையம் என்று பெரிய திட்டங்கள் வரிசையில் நிற்கின்றன. மெட்ரோ வந்தால் அதன் நிலையங்களைச் சுற்றித்தான் இந்த வட்டாரத்துக்கு முதன்முறையாக ஒரு நகர மையம் உருவாகும். அப்போது நிலைய வாசல் நிலத்தை முழுவதும் வணிக வளாகத்துக்கு ஏலம் விட்டுவிட்டால், பிறகு ஒரு சத்திரம் கட்ட இடம் தேடிக் கிடைக்காது.

சிப்காட் முதலில் மூன்று இடங்களைப் பார்க்கட்டும்: ஒரகடம் சந்திப்பு, ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையம், வல்லம் வடகால் விடுதியின் வெளிவாசல். ஒவ்வொன்றிலும் 50 அறைகள், பெண்களுக்குத் தனித் தளம், அரைநாள் வாடகை, 24 மணி நேரக் கணக்கு, சுத்தமான குளியலறை. தொழில் துறை அமைச்சர் அடுத்த மானியக் கோரிக்கையில் இதற்கென ஒரு தொகையை அறிவிக்க வேண்டும்.