எடை இறங்கிய பிறகு

எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை உயிர் காக்கிறது, அதில் ஐயமில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இரைப்பை பைபாஸ் என்னும் இவ்வகை அறுவையைச் செய்துகொண்ட சுமார் 7,900 பேரையும், பருமன் இருந்தும் அதைச் செய்துகொள்ளாத அதே எண்ணிக்கையினரையும் ஒப்பிட்ட ஆய்வு 2007இல் வெளிவந்தது. சராசரியாக ஏழாண்டுகளில் மொத்த மரணங்கள் 40 சதவீதம் குறைந்திருந்தன. ஆனால் விபத்து, தற்கொலை என நோயல்லாத காரணங்களால் நேர்ந்த மரணங்கள் மட்டும் 58 சதவீதம் கூடியிருந்தன. முதல் எண்ணைச் சொல்பவர்கள் இரண்டாவதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கனடாவின் ஒன்டாரியோவில் 8,815 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2016இல் வெளியான ஆய்வு இதைக் கூர்மையாக்குகிறது. தமக்குத் தாமே ஊறு செய்துகொண்டு அவசர சிகிச்சைக்கு வந்தோரின் விகிதம், அறுவைக்கு முந்தைய மூன்றாண்டுகளைவிடப் பிந்தைய மூன்றாண்டுகளில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. அறுவைக்குப் பிந்தைய அச்சம்பவங்களில் பெரும்பாலானவை இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் நேர்ந்தவை. யோசித்தால் இதில் வியப்பில்லை. முதலாண்டில் மாதாமாதம் எடை இறங்குகிறது, பார்ப்பவர்களெல்லாம் பாராட்டுகிறார்கள். பிறகு இறக்கம் நிற்கிறது, தோல் தொங்குகிறது, தீராத பழைய கவலைகள் அப்படியே இருக்கின்றன. சாப்பாட்டில் ஆறுதல் தேடியவருக்கு அந்தக் கதவும் அடைபட்டுவிட்டது. மது இன்னொரு கதவு: பைபாஸுக்குப் பின் அது வெகு வேகமாக ரத்தத்தில் ஏறும். அமெரிக்க ஆய்வொன்றில் மது சார்ந்த கோளாறு உள்ளவர்கள் அறுவைக்கு முன் 7.6 சதவீதம், முதலாண்டில் 7.3, இரண்டாமாண்டில் 9.6. போதாததற்கு, மனச்சோர்வு மாத்திரைகள் உடலில் சேரும் அளவும் மாறக்கூடும்.

ஒன்டாரியோவில் அத்தகைய சம்பவங்களில் 93 சதவீதம், மனநலப் பாதிப்பு முன்பே இருந்தவர்களுக்கு நேர்ந்தவை. ஆகவே அறுவையைக் குறை சொல்லலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காரணம் அறுவையேதான் என்று அந்த எண்கள் நிரூபிக்கவில்லை. பலருக்கு அதன்பின் மனச்சோர்வு குறையவும் செய்கிறது. ஆனால் 93 சதவீதம் என்றால், யாரைக் கவனிக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிகிறது என்றுதானே பொருள்? அப்படியானால் அவர்களுக்கு அறுவையே வேண்டாம் என்பது இன்னொரு வாதம். அது அந்த 40 சதவீதப் பலனை, மிகவும் தேவைப்படுவோரிடமிருந்து பறிப்பதாகும். அறுவைக்கு முன் ஒரே ஒரு மனநலச் சான்றிதழ் வாங்குவதும் போதாது. அறுவை கிடைக்க வேண்டுமென்ற ஆசையில் யாரும் எல்லாவற்றையும் சொல்லிவிட மாட்டார்கள். அறுவைக்குப் பின் வைட்டமின் பி12 அளவைப் பார்க்க ஆண்டுதோறும் ரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள் அல்லவா, அதே நாளில் தூக்கம், மது, மனநிலை பற்றி அரைமணி நேரம் கேட்கும் மனநல மருத்துவரும் இருக்கட்டும். அந்தச் செலவை மூன்றாம் ஆண்டு முடியும்வரை அறுவைக் கட்டணத்திலேயே சேர்த்துவிடலாம்.