சங்கற்பமும் சரீரமும்

பருத்த தேகமுடைய ஒருவனைக் காண்கிறவர்கள், இவன் வாய்க்கட்டு இல்லாதவன், சோம்பலுக்கு வசப்பட்டவன் என்று மனத்திற்குள் ஒரு தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டே அவனோடு பேசத் தொடங்குகிறார்கள். நாளடைவில் அவனும் அத்தீர்ப்பை ஒப்புக்கொண்டு, தன் சரீரத்தைத் தன் குணத்துக்கு எதிரான சாட்சியாகவே கருதத் தலைப்படுகிறான் என்பதுதான் இதிலுள்ள கொடுமை. எடை குறைவதற்காக இரைப்பையில் சஸ்திர சிகிச்சை செய்துகொள்வதென்று இவ்வாண்டு நான் தீர்மானித்தபோது, செலவைப் பற்றிய கவலையும் கத்தியைப் பற்றிய அச்சமும் ஒருபுறம் இருக்க, இந்தத் தீர்ப்பை எதிர்த்து நிற்பதற்கே மிகுந்த பிரயத்தனம் வேண்டியிருந்தது.

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டில் இச்செய்தியைச் சொன்னபோது என் தாயார் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "வாயைக் கட்டினாப் போதாதா கண்ணு, வயித்தை எதுக்கு அறுக்கோணும்?" என்று கேட்டார். அக்கேள்வியில் கோபமில்லை; பெற்ற வயிற்றின் பயம் இருந்தது. ஆனால் நான் வாயைக் கட்டிய காலங்களையெல்லாம் உடனிருந்து கண்டவரும் அவரே. சோற்றை விட்டுக் கேழ்வரகையும் கொள்ளையும் உண்டிருக்கிறேன். இரவு உணவை அறவே ஒழித்திருக்கிறேன். மார்கழிப் பனியில் ரேஸ்கோர்ஸைச் சுற்றி நடந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எடை குறைந்தது. குறைந்த எடை சில மாதங்களில் திரும்பி வந்தது. வந்தபோது முன்னிலும் சற்று மிகுந்தே வந்தது.

இதற்குக் காரணம் சங்கற்பத்தின் பலவீனமே என்று நானும் நம்பியிருந்தேன். மெல்போர்ன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் எடை மிகுந்த 50 பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த ஆகாரம் கொடுத்து மெலியச் செய்து, ஓராண்டு கழித்து அவர்களுடைய இரத்தத்தைச் சோதித்து, 2011-இல் வெளியிட்ட முடிவு வேறொன்றைச் சொல்லுகிறது. பசியை எழுப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் அப்போதும் உயர்ந்தே இருந்தது. போதும் என்ற உணர்வைத் தரும் ஹார்மோன்கள் தாழ்ந்தே இருந்தன. இழந்த கொழுப்பைத் திரும்பப் பெறும்வரை தேகம் இரவும் பகலும் முறையிட்டுக்கொண்டே இருக்குமாயின், அம்முறையீட்டை ஆயுள் முழுவதும் செவிமடுக்காதிருப்பது எத்தனை பேருக்குச் சாத்தியம்?

இரைப்பைப் புண்ணுக்காக அவ்வுறுப்பின் ஒரு பகுதியை இழந்தவர்கள் பெரும்பாலும் மெலிந்தே இருப்பதைக் கவனித்த அயோவா பல்கலைக்கழகத்துச் சர்ஜன் எட்வர்ட் மேசன், 1966-இல், பருமனுக்கென்றே இரைப்பையைச் சுருக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் முறையைக் கையாண்டார். அச்சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளிகள் பலருக்கு, எடை பெரிதும் குறைவதற்கு முன்பே, சில தினங்களிலேயே சர்க்கரை தணிந்ததைப் பின்வந்த வைத்தியர்கள் வியப்போடு கண்டார்கள். 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகளான கோஜிமாவும் கங்காவாவும் கிரெலினைக் கண்டுபிடித்தபோது, அது பிரதானமாக இரைப்பையில்தான் சுரக்கிறது என்பதும் தெளிவாயிற்று. இன்று பெரும்பாலும் செய்யப்படும் ஸ்லீவ் முறையில், இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கு அகற்றப்பட்டு, வாழைப்பழம் போன்ற ஒரு குழாயே எஞ்சுகிறது. கிரெலின் மிகுதியாகச் சுரக்கும் மேற்பாகமும் நீங்கிவிடுவதால், கொள்ளளவோடு பசியும் குறைகிறது.

என் உயரம் 165 சென்டிமீட்டர், எடை 118 கிலோ. உடல் நிறைக் குறியீடு 43-க்குச் சற்று மேல். நான் ஆலோசித்த சர்ஜன் இவற்றைக் குறித்துக்கொண்டாரே தவிர, அதிகம் பேசியது வேறு விஷயங்களைப் பற்றி. எந்த வயதில் பருக்கத் தொடங்கினேன், குறட்டை உண்டா, பகலில் அமர்ந்தபடியே கண் அயர்கிறேனா, வீட்டில் சமைப்பது யார் என்றெல்லாம் கேட்டார். எடை குறைய வாரம் ஒருமுறை போடும் புதிய ஊசிகள் நல்ல மருந்துகளே என்றும், நிறுத்தினால் இழந்த எடையின் பெரும்பகுதி திரும்பிவிடும் என்றும் சொன்னார். பின்பு ஆபத்துக்களுக்கு வந்தார்: தைத்த இடத்தில் கசிவு நேரலாம், இரத்தம் கசியலாம், காலில் இரத்தம் உறையலாம், அபூர்வமாக, ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில், உயிரே போகலாம், ஆண்டுகள் சென்றபின் ஓரளவு எடை திரும்பவும் கூடும், விட்டமின் மாத்திரைகளை ஆயுள் உள்ளளவும் விடக்கூடாது. இவற்றை அவர் ஒளிக்காமல் சொன்னதனாலேயே அவர்மீது எனக்கு நம்பிக்கை பிறந்தது. கூச்சத்தை உதறிவிட்டு இந்த ஒரு கலந்தாலோசனைக்காவது போய் வாருங்கள் என்று, என்னையொத்த நிலையிலுள்ள ஒவ்வொருவரையும் வேண்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

செலவைப் பற்றிக் கலங்குகிறவர்கள் ஒன்றை அறிந்துகொள்வது நலம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த விதிகளின்படி, வைத்தியர் பரிந்துரைத்து, குறியீடு 40 அல்லது அதற்கு மேலாகவோ, கட்டுக்கடங்காத நீரிழிவு, கடுமையான தூக்க மூச்சுத்தடை முதலிய நோய்களோடு 35 அல்லது அதற்கு மேலாகவோ இருப்பின், எடை குறைப்புச் சிகிச்சை என்ற காரணத்தை மட்டும் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் செலவை மறுக்க இயலாது. காத்திருப்புக் காலம் பற்றிய ஷரத்துக்களைப் பாலிசியில் படித்துப் பார்க்கவேண்டும்.

சிகிச்சைக்கு முந்திய பரிசோதனைகளில் எண்டோஸ்கோபி முடிந்தது. நெஞ்செரிச்சல் கடுமையாக இருப்பவர்களுக்கு ஸ்லீவைவிட பைபாஸ் உகந்ததாகையால், எந்த முறை என்பதை நிச்சயிக்க அது அவசியம். மனநல ஆலோசகரோடு பேசிய ஒரு மணி நேரந்தான் என்னை வெகுவாகச் சிந்திக்க வைத்தது. "கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, நான்கு வாயோடு எழுந்திருக்க உங்களால் முடியுமா?" என்று அந்த அம்மையார் கேட்டார். உபசரிக்கிறவர் இன்னும் கொஞ்சம் என்று அன்போடு இலையில் இடுவதை மறுப்பது அவரையே மறுப்பதாகிவிடுகிற சமூகத்தில் பிறந்தவனுக்கு, அது எளிதில் விடை சொல்லக்கூடிய கேள்வியன்று. உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்றார். சொல்ல ஆரம்பித்திருக்கிறேன்; இப்பத்தியும் அவ்வாறு சொல்வதன் ஒரு பகுதியே.

ஆகார ஆலோசகரிடம் என் தாயாரும் வந்தார். சிகிச்சைக்குப் பின் முதலில் தண்ணீரும் வடிகட்டிய நீராகாரங்களும், பிறகு மசித்தவை, அதன்பின் மெல்லியவை என்ற வரிசையையும், நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பதையும் கவனமாகக் கேட்டுக்கொண்டவர், காரம் சேர்க்காத ரசத்தை வடிகட்டிக் கொடுக்கலாமா என்று வினவி, கொடுக்கலாம் என்று தெரிந்தபின் சற்றுத் தெளிந்தார். கொழுப்பேறிய கல்லீரல் சுருங்கிக் கருவிகளுக்கு இடம்விடும் பொருட்டு, சிகிச்சைக்கு முந்திய இரண்டு வாரமும் மாவுச்சத்துக் குறைந்த ஆகாரம் உண்ணவேண்டும். தூக்கப் பரிசோதனையின் முடிவு வந்து, மயக்க மருந்து வைத்தியர் பார்த்த பிறகே தேதி குறிப்பார்கள். அதுவரை, உணவோடு தண்ணீர் குடிக்காமலும் ஒவ்வொரு கவளத்தையும் நன்கு மென்றும் பழகச் சொல்லியிருக்கிறார்கள்.