எண்ணால் அளந்த மாந்தர்: பாத்திரமேற்பு விளையாட்டுகளிற் பண்புத் திட்டமிடல் பற்றிய ஒரு மறுப்பு

பாத்திரமேற்பு விளையாட்டு என்பது, ஆடுபவர் ஒரு கற்பனை மாந்தரின் நிலையில் நின்று, அம்மாந்தருக்காக முடிவெடுத்து, அவர் வாழும் உலகில் அவரோடு நடந்து செல்லும் வடிவமாகும். இன்று கணனித் திரைகளிற் பரவலாக ஆடப்பெறும் இவ்வடிவத்தின் வாயிலில் ஒரு சடங்கு உண்டு. கதை தொடங்குமுன், பாத்திரத்தின் வலிமை எவ்வளவு, அறிவு எவ்வளவு, வசீகரம் எவ்வளவு என எண்களால் வகுத்துக்கொள்ளல் வேண்டும். பண்புத் திட்டமிடல் எனப்படுவது இதுவே. எத்தகைய மாந்தர் பிறக்கப்போகிறார் என்ற கேள்விக்கு விடை காணவேண்டிய இச்சடங்கு, இன்று கணக்கர்களின் கையிற் சிக்கியுள்ளது. எந்த எண்ணை எங்கு இட்டால் மிகுந்த பயன் விளையும் என்பது ஒன்றே அவர்தம் கேள்வி. இப்போக்கு வெறும் இரசனை வேறுபாடு அன்று. அது மனிதரைப் பற்றிய ஒரு கொள்கை. கொள்கையாதலின் அது மறுக்கப்படவேண்டியது.

இவ்வழக்கின் தோற்றத்தை நோக்குதல் தகும். 1974 இல் அமெரிக்காவில் காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டு, ஒரு பாத்திரத்தை வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, இலாவகம், வசீகரம் என்னும் ஆறு பண்புகளாகப் பகுத்தது. ஒவ்வொரு பண்புக்கும் மூன்று பகடைகள் உருட்டப்பட்டன. அவற்றின் கூட்டுத்தொகை 3 முதல் 18 வரை அமையும். 18 என்னும் உச்ச எண் 216 தடவைக்கு ஒருமுறையே விழத்தக்கது. 10 அல்லது 11 விழுவதோ நான்கு தடவைக்கு ஒருமுறை. எனவே பெரும்பாலான பாத்திரங்கள் சாதாரணராகவே பிறந்தன. பிறப்பின் தற்செயலை ஏற்று, கிடைத்த குறைகளோடு வாழ்வதே அன்றைய ஆட்டமாயிருந்தது. அம்முறையிற் குறைபாடுகள் இருந்தன என்பது உண்மை. ஒருவருக்கு நல்ல எண்களும் அருகிலிருப்பவருக்குத் தீய எண்களும் விழுவது நியாயமாகத் தோன்றவில்லை. அக்குறையை நீக்கும்பொருட்டே, குறித்த தொகைப் புள்ளிகளை ஆடுபவரே பங்கிட்டுக்கொள்ளும் முறை செல்வாக்குப் பெற்றது. நியாயத்துக்காக வந்த முறை, கணக்கர்களுக்கு வாயிலையும் திறந்துவிட்டது.

2023 இல் வெளிவந்த 'போல்டர்ஸ் கேட் 3' என்னும் கணனி விளையாட்டை எடுத்துக்கொள்க. அதிலும் அதே ஆறு பண்புகளே. ஒவ்வொன்றும் 8 இல் தொடங்கும். 27 புள்ளிகளைக் கொண்டு அவற்றை 15 வரை உயர்த்தலாம். ஒரு பண்பை 15 ஆக்க 9 புள்ளிகள் செலவாகும். ஆகவே மூன்று பண்புகளை 15 ஆக்கி, எஞ்சிய மூன்றை 8 இலேயே விட்டுவிட்டாற் கணக்கு நேராகிறது. மேலும், பண்பெண்ணிலிருந்து 10 ஐக் கழித்து இரண்டால் வகுத்துப் பின்னத்தைக் கீழே தள்ளிப் பெறும் எண்ணே செயலிற் பயன்படுவதால், ஒற்றை எண்கள் பெரும்பாலும் வீணென ஒதுக்கப்படுகின்றன. 13 விவேகம் உடையவருக்கும் 12 விவேகம் உடையவருக்கும் வேறுபாடு இல்லையாம்! பயன் தராத பண்பு, குப்பை கொட்டும் இடம் என்ற பொருள்பட அழைக்கப்படுகிறது. மனிதப் பண்பொன்றுக்கு அப்பெயரைச் சூட்டுவோர், தாம் பேசுவது ஒரு மாந்தரைப் பற்றி என்பதை மறந்தவராவர். தமிழிற் 'பாத்திரம்' என்னும் சொல் கதைமாந்தரையும் குறிக்கும், கொள்கலத்தையும் குறிக்கும். கணக்கர்கள் இரண்டாவது பொருளை மட்டுமே அறிவர்.

ஆயின், குற்றம் முழுவதையும் ஆடுபவர்மீது சுமத்துதல் நேர்மையாகாது. 1997 இல் வெளிவந்த 'ஃபோல்அவுட்' இதற்குத் தக்க சான்று. அணுப்போரின் பின்னர் எஞ்சிய கலிபோர்னியாவைக் களமாகக் கொண்ட அவ்விளையாட்டில் வலிமை, நுண்ணோக்கு, தாங்குதிறன், வசீகரம், அறிவு, விரைவு, அதிர்ஷ்டம் என ஏழு பண்புகள். ஒவ்வொன்றும் 5 இல் தொடங்க, மேலும் 5 புள்ளிகள் கையிற் கிடைக்கும், மொத்தம் 40. விரைவு 5 ஆயின் ஒரு முறைக்கு 7 செயற்புள்ளிகள். 10 ஆயின் 10 செயற்புள்ளிகள். கைத்துப்பாக்கியால் ஒருமுறை சுடுவதற்கு 5 தேவைப்படுவதால், முன்னவர் ஒருமுறை சுடுகையிற் பின்னவர் இருமுறை சுடுவார். வசீகரத்தை 1 ஆக்கினாலோ, அதன் இழப்பு அரிதாகவே உணரப்படும். இந்நிலையில் விரைவை உயர்த்தி வசீகரத்தைப் பலியிடுபவர் அறிவிலியல்லர். விளையாட்டு கற்பித்த பாடத்தையே அவர் ஒப்புவிக்கிறார். ஏழு பண்புகளும் ஒத்த மதிப்புடையன என்று அட்டவணையில் எழுதிவிட்டு, உலகினுள் அவற்றுக்கு ஒத்த மதிப்பளிக்காத ஆக்கியோரே முதற் குற்றவாளிகள்.

எண்கள் நடுநிலையானவை, அவற்றிற் கொள்கை தேடுவது வீண் என்று வாதிடுவோரும் உளர். வரலாறு அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. 1978 இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' உயர்நிலை விதிநூலில், வலிமை 18 பெற்ற போர்வீரர் மேலும் 1 முதல் 100 வரையான எண்ணொன்றைப் பெறலாம். மனிதப் பெண்ணாயின் அது 50 ஐத் தாண்டலாகாது என விதிக்கப்பட்டிருந்தது. மாயப்பறவைநாகங்கள் பறக்கும் உலகில், ஒரு பெண்ணின் கைவலிமை மட்டும் 'யதார்த்தம்' என்ற பெயரால் தளையிடப்பட்டது. 1989 இன் இரண்டாம் பதிப்பு அத்தளையை அகற்றியது. கற்பனை இனங்களுக்குப் பிறப்பாலேயே அறிவும் வலிமையும் கூட்டிக் குறைத்த வழக்கமும் 2020 இல் தளர்த்தப்பட்டு, 2024 இன் திருத்திய விதிநூலிற் கைவிடப்பட்டது. எண்கள் இயற்கையின் கட்டளையாயின், அவை ஏன் மாறின? அவை மனிதர் எழுதிய கருத்துக்கள்; எனவே மனிதரால் விவாதிக்கத்தக்கவை.

கணக்கர்களின் வலுவான வாதம் வேறொன்று. விளையாட்டு வெல்லுதற்கே உரியது. சதுரங்கம் ஆடுபவர் குதிரையின் மனவுணர்வை ஆராய்வதில்லை. திட்டமிடலும் ஓர் அறிவுக் கலையே என்பர். கணக்கின் இன்பம் உண்மையானது என்பதை மறுக்கவேண்டியதில்லை. நாற்பது மணிநேரம் ஆடியபின் தவறான தொடக்கத்தால் வழியடைபட்டு நிற்க எவரும் விரும்பார் என்பதும் ஏற்கத்தக்கதே. ஆயின் சதுரங்கக் குதிரை பேசுவதில்லை, எவரையும் நேசிப்பதில்லை, எவரிடமும் பொய் சொல்வதில்லை. பாத்திரமேற்பில் இவையனைத்தும் நிகழ்கின்றன. அங்கு வெற்றி ஒன்றே நோக்கமாயின், கதைமாந்தர் எதற்கு? பிறர் வகுத்த திட்டத்தை வரிக்குவரி படியெடுத்து ஆடுபவர் அறிவுக் கலையைப் பயில்பவரும் அல்லர். எண்ணற்ற மாந்தர் பிறக்கத்தக்க அட்டவணையிலிருந்து இரண்டு மூன்று அச்சுப் பிரதிகளே வெளிவருமாயின், அங்கு சுதந்திரம் பெயரளவில் மட்டுமே உண்டு.

குறைக்குப் பொருள் கொடுப்பது இயலாத காரியமன்று. அதே 'ஃபோல்அவுட்' அறிவு என்னும் பண்பில் அதனைச் செய்துகாட்டியது. அறிவு 3 அல்லது அதனிற் குறைந்த பாத்திரம் ஒழுங்காகப் பேசமாட்டாது. முனகலும் உளறலுமே அதன் மொழி. பலர் அதனோடு உரையாட மறுப்பர். பல பணிகள் அதற்குக் கிட்டா. உலகமே வேறு முகம் காட்டும். 2019 இல் வெளிவந்த 'டிஸ்கோ எலிசியம்' இன்னும் ஆழமாகச் சென்றது. நான்கு பண்புகள், அவற்றுக்குப் பங்கிட 12 புள்ளிகள், அவற்றின்கீழ் 24 திறன்கள். உடற்பண்பைப் புறக்கணித்த துப்பறிவாளர், முதல் அறையிலேயே மின்விசிறியிற் தொங்கும் தமது கழுத்துப்பட்டியை எடுக்க முயன்று மாரடைப்பால் இறக்கவுங்கூடும். மிகுதியும் அங்கு ஆபத்தே: அதிகாரத் திறன் ஓங்கியவரை அது எல்லோரையும் அடக்கியாளத் தூண்டும், கலைக்களஞ்சியத் திறன் ஓங்கியவருக்கு வேண்டாத் தகவல்கள் வந்து குவியும். உச்ச எண் உச்ச நன்மையன்று என்பதை உணர்ந்த ஆக்கம் அது.

இவற்றுக்கு நேர்மாறாக, 'போல்டர்ஸ் கேட் 3' இல் 100 பொற்காசு கொடுத்தாற் பண்புகள் அனைத்தையும் அழித்து மீண்டும் பங்கிடலாம். தொடக்கநிலையினருக்கு இது கருணை. ஆயின் ஒவ்வொரு தடைக்கும் ஏற்ப ஆளையே மாற்றிக்கொள்பவர் எந்த முடிவின் விளைவையும் சுமப்பதில்லை. இழப்பில்லாத தெரிவு தெரிவாகாது.

ஆகவே பண்புத் திட்டமிடல் தலைகீழாக்கப்படவேண்டும். இப்பாத்திரத்துக்கு எது மிகும் என்பதன்முன், எது இல்லை, அவ்வின்மையை அது எவ்வாறு தாங்கும் என்று கேட்டல் வேண்டும். ஆக்கியோர், ஒவ்வொரு குறையும் ஒரு கதவை அடைத்து வேறொரு கதவைத் திறக்குமாறு உலகை அமைத்தல் வேண்டும். மனிதரைப் புள்ளிகளாகக் கூட்டி, பயன் தராத பகுதியைக் கழித்துவிடும் மனோபாவம் பரீட்சை மண்டபத்திலும் தொழிற்சந்தையிலும் ஏற்கெனவே வேரூன்றியுள்ளது. வேறொருவராக வாழ்ந்து பார்க்கவென மனிதர் படைத்துக்கொண்ட விளையாட்டிலும் அதற்கு இடமளிப்பின், வேறொருவராதல் என்பதே பொருளிழந்துபோம்.