பாட்டியின் முகம் மங்கலாமா?



சென்னையிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார். அவருக்குத் தாய் வீடு, திண்டிவனம் – புதுச்சேரி சாலையிலுள்ள கிளியனூர். அங்கே கூடத்துச் சுவரில் பழைய குடும்பப் படம் ஒன்று மாட்டியிருக்கிறதாம். பாட்டிக்கென்று இருப்பது அந்த ஒரே படந்தான். தம்பி அதைக் கைபேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கணினியில் திறந்தால் மொத்தத்தில் அழகாகத்தான் இருக்கிறது. பாட்டியின் முகத்தைப் பெரிதாக்கினால் மட்டும் கட்டம் கட்டமாக உடைகிறது. "படம் பார்க்கும் மென்பொருள் கெட்டுவிட்டதா?" என்று கேட்கிறார்.

கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கிவிடும். கணினிப் படமும் புள்ளிக் கோலந்தான். படத்தைப் பெரிதாக்கும்போது புள்ளிகள் விலகுகின்றன. இடைவெளியை மென்பொருள்தான் நிரப்பியாக வேண்டும். சோம்பேறி மென்பொருள் பக்கத்துப் புள்ளியை அப்படியே இழுத்து நிரப்பிவிடும். அதனால்தான் படிக்கட்டு போன்ற கட்டங்கள். சமர்த்தான மென்பொருள் சுற்றிலுமுள்ள புள்ளிகளின் நிறத்தைக் கலந்து பூசும்; கட்டம் மறையும். சுருக்கும்போதும் இதே கதைதான். சோம்பேறி மென்பொருள் நடுநடுவே புள்ளிகளை உதறிவிடும். அப்போது கட்டம் போட்ட புடவையில், நெசவில் இல்லாத அலையெல்லாம் தெரியும்!

ஆகவே குற்றம் எங்கே என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். படத்தை "அசல் அளவு", அதாவது 100 சதவீதம், வைத்துப் பாருங்கள். படத்தின் ஒரு புள்ளி, திரையின் ஒரு புள்ளி என்று நேருக்கு நேர் நிற்கும் அளவு அது. அங்கே தெளிவாக இருந்து, ஜன்னலுக்குள் சுருக்கும்போது மட்டும் கெட்டால் படத்தில் பழுதில்லை. காட்டும் முறையில்தான் பழுது. இர்ஃபான்வியூ போன்ற மென்பொருள்களில் காட்சி அமைப்பில் "ரீசாம்பிள்" என்றிருப்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று: எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று விண்டோஸ் திரையளவை 125 அல்லது 150 சதவீதமாக வைத்திருந்தால், சில பழைய மென்பொருள்களில் எல்லாமே சற்று மசமசவென்று தெரியும். ஒரு தடவை 100-க்கு மாற்றிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இனி நேயரின் படத்துக்கு வருவோம். தம்பியின் கைபேசி எடுப்பது 4000×3000, அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். நேயரிடம் வந்து சேர்ந்ததோ 1600×1200. 20 லட்சம்கூட இல்லை. வாட்ஸ்அப் வழியில் சுருக்கிவிட்டது. ஆறில் ஒரு பங்குகூட மிஞ்சாத படத்தில் பாட்டியின் முகத்துக்கு எத்தனை புள்ளி கிடைக்கும்? மென்பொருள் இருப்பதை மெழுகலாம். போனதைக் கொண்டுவர முடியாது.

உபாயம் சுலபமானது. அதே படத்தைத் தம்பி "டாகுமெண்ட்" ஆக அனுப்பட்டும். ஒரு புள்ளியும் குறையாமல் வந்து சேரும். அதைவிட நல்லது, படத்தை ஸ்கேனரில் 600 டிபிஐ வைத்துப் பதிவு செய்வது. ஆனால் பழைய படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்க வேண்டாம். படத்தின் மேல்தோல் உரிந்து வந்துவிடும். கண்ணாடியோடேயே ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து எடுக்கலாம்.

பெரிதாக அச்சிட்டு மாட்டும் ஆசையிருந்தால் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்: அங்குலத்துக்கு 300 புள்ளி. 1600×1200 படம் 5 அங்குலத்துக்கு 4 அங்குலம் வரை சோபிக்கும். 4000×3000 படம் 13-க்கு 10 அங்குலம் வரை தாங்கும்.

கிளியனூர்ச் சாலையின் மறுகோடியான புதுச்சேரியில், 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் திட்ட உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பிடித்துக் கணினியில் பதிவு செய்தவர்கள் அங்குள்ள ஆய்வாளர்கள். முன்பின் தெரியாதவர்களின் குடும்பப் படங்களையே அவர்கள் அவ்வளவு அக்கறையாகக் காக்கும்போது, நம் பாட்டியை நாம் காக்க வேண்டாமா? மூலப் பதிவைத் தனியே பத்திரப்படுத்துங்கள். வெட்டுவது, சுருக்குவது, நிறம் கூட்டுவது எல்லாம் நகலில் மட்டும். மூலத்தின் மேலேயே "சேவ்" அழுத்திவிட்டால் பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. மங்கிய முகத்தை நொடியில் பளிச்சென்று ஆக்கித்தரும் செயற்கை நுண்ணறிவு வித்தைகள் இப்போது நிறைய வந்திருக்கின்றன. அவை காணாமற்போன புள்ளிகளைக் கண்டெடுப்பதில்லை. ஆயிரமாயிரம் முகங்களைப் பார்த்த பழக்கத்தில் ஊகித்து வரைகின்றன. கண் அழகாக இருக்கும், மூக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் அது வேறு யாரோ ஒருவருடைய முகமாக இருக்கலாம். பேரப் பிள்ளைகளுக்குக் காட்டுவதானால், சற்று மங்கலாக இருந்தாலும் நம் பாட்டியையே காட்டுவோம்.